தக்கார்

2022 ஏப்ரல் 11, திங்கட்கிழமை. முதல் நாள்தான் ராமநவமி. கீழ்வீட்டு மாமி பானகம் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு கழுவப்படாமல் எங்கள் அடுப்பு மேடையில் இருந்தது. கல்லூரிக்குக் கிளம்பி ஆரிய கவுடா சாலைக்கு வந்தால் போலீஸ் வேன்கள். அயோத்தியா மண்டபத்தின் முன்னால் கூட்டம், கோஷம். "இப்படிப் போவ முடியாதும்மா, சுத்திக்கினு போலாம்" என்று ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் மாமியைப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறமாட்டார்; வாடகையை நான்தான் கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த வெயிலில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு அந்த மண்டபத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்ரீராம் சமாஜ் என்கிற சங்கம் 1950களில் தொடங்கி நடத்திவருவது. உபன்யாசம், பஜனை, ராதா கல்யாணம், ராமநவமி உற்சவம். ராமர் படமும் விக்கிரகமும் உண்டு, உண்டியலும் உண்டு. அங்கேதான் சிக்கல். இது பொதுமக்கள் வழிபடும் கோயில், கணக்கு சரியில்லை என்று புகார் வந்ததன் பேரில், 2013 டிசம்பரில் இந்து சமய அறநிலையத் துறை மண்டபத்துக்கு ஒரு தக்காரை நியமித்து ஆணையிட்டது. சமாஜம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இது கோயிலல்ல, ஆகம முறைப்படி பிரதிஷ்டை ஆன மூர்த்தி இங்கே இல்லை, நாங்கள் பதிவுபெற்ற சங்கம் என்பது அவர்கள் வாதம். வழக்கு எட்டு வருஷம் கிடந்து 2022 மார்ச்சில் தள்ளுபடியானது. துறை அதிகாரிகள் மண்டபத்தைப் பொறுப்பெடுக்க வந்த நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. பதினாறு நாள் கழித்து இரண்டு நீதிபதிகள் அமர்வு 2013 ஆணையை ரத்து செய்தது. முறைப்படி விசாரித்து மறுபடி முடிவெடுக்கத் துறைக்குத் தடையில்லை என்றும் சொன்னது.

அன்று மாலை மாமி வாசல் திண்ணையில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாரேன் புரொபசர், ஜனங்க ரூபா ரூபாவாக் குடுத்துக் கட்டினது. சர்க்காருக்கு அங்க என்ன ஜோலி? மசூதிக்குள்ள போவாளா, சர்ச்சுக்குள்ள போவாளா?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரரோடு வாதம் செய்யக்கூடாது என்பது சென்னையில் வாடகைக்கு இருக்கும் எவருக்கும் தெரிந்த பாடம். பதில் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல ரயில் பாதையைத் தாண்ட வேண்டும்.

துரைசாமி சுரங்கப்பாதைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் ஏறினால் தியாகராய நகர். ஊரின் பெயரே நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர். சற்று நடந்தால் பனகல் பூங்கா. பட்டுப்புடவை வாங்க வந்தவர்கள் கால் ஆறும் அந்தப் பூங்காவின் பெயருக்குரிய பனகல் ராஜா முதலமைச்சராக இருந்தபோதுதான் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. 1922இல் மசோதா, 1925இல் சட்டம், செல்லுமா செல்லாதா என்ற தகராறு கிளம்பியதால் 1927இல் மறுபடி ஒரு சட்டம். கோயில் சொத்தை யார் தின்கிறார்கள் என்று கேட்க ஒரு வாரியம் அமைந்தது. இன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு மூலம் அதுதான்.

"கோயிலை விட்டு வெளியேறு" என்று அரசாங்கத்தைப் பார்த்து இப்போது கேட்கும் குரல், முதன்முதலில் கிறிஸ்தவப் பாதிரிமார்களிடமிருந்து வந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் நம்பாமல் பார்ப்பார்கள். 1817இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, சென்னை மாகாணத்துக் கோயில்களின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. கலெக்டர் நிலவரியோடு கோயில் வரவு செலவையும் பார்த்தார். தேர் இழுக்க ஆள் சேர்ப்பதும் சர்க்கார் வேலையானது; வராத குடியானவர்களைச் சேவகர்கள் இழுத்துவந்தார்கள். திருவிழாவுக்குப் பட்டாளத்து மரியாதை. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரகத்துக்கு ஊழியம் செய்வதா என்று 1836இல் பாதிரிமார்களும் அதிகாரிகளும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். சென்னை ராணுவத் தளபதி பெரிக்ரின் மெய்ட்லண்ட் இந்தச் சச்சரவில் 1838இல் பதவியை விட்டே போனார். இங்கிலாந்திலும் அழுத்தம் வந்தது. 1840களில் கம்பெனி கையைக் கழுவத் தொடங்கியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களை உள்ளூர்க் கமிட்டிகளிடம் விட்டது. அதன் பிறகு கமிட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சியாகத்தான் பனகல் ராஜாவின் சட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் அரசனும் திருச்சபையும் இரண்டு தனி அதிகாரங்களாக மோதிப் பிரிந்தன. இங்கே அரசனுக்குப் பரிவட்டம் கட்டியே பழகிய கோயிலில் அப்படிப் பிரிக்கக் கோடு இருக்கவில்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்களிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்து, ஒவ்வொருத்தி பெயரையும் கல்லில் வெட்டினான். கம்பெனி காலத்துக் கோயில் கணக்கிலும் அந்தப் பெண்களின் சம்பளம் ஒரு வரி.

அந்த வரியில் வந்தவள் என் அம்மாவின் பாட்டி.

காவிரிக் கரையில் ஒரு சிவன்கோயில். ஏழு வயதில் பொட்டுக் கட்டினார்கள். விளக்கு எடுப்பதும், சாயரட்சையில் பாடுவதும், சுவாமி புறப்பாட்டில் ஆடுவதும் அவள் முறை. அதற்கு முக்கால் வேலி நிலம் மானியம். நிலம் அவளுடையது என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. ஊழியம் செய்கிறவரை அனுபவிக்கலாம். ஊழியம் நின்றால் நிலமும் நின்றுவிடும். மகளுக்கோ சுவீகார மகளுக்கோ பொட்டுக் கட்டினால்தான் நிலம் குடும்பத்தில் தங்கும். இந்த வழக்கம் இத்தனை தலைமுறை ஓடியதற்குப் பக்தி, காமம், கலை என்று என்னென்னவோ காரணம் எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவுக்குத் தெரிந்த காரணம் இந்த முக்கால் வேலிதான்.

முத்துலட்சுமி ரெட்டி இதைப் புரிந்துகொண்டிருந்தார். புதுக்கோட்டையில் சந்திரம்மாளின் மகளாகப் பிறந்தவருக்குப் புரியாமல் இருக்குமா? சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண், மருத்துவர். 1927இல் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அவர் போட்ட முடிச்சு புத்திசாலித்தனமானது. அப்போதுதான் வந்திருந்த அறநிலையச் சட்டத்திலேயே 1929இல் ஒரு திருத்தம்: மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து கழற்றிவிடு. இனி நிலத்துக்காக எந்தப் பெண்ணையும் கோயில் வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் வர 1947 ஆனது. ஆனால் எங்கள் குடும்பத்தில் நூல் அறுந்தது 1929இல். பாட்டி தன் மகளுக்குப் பொட்டுக் கட்டவில்லை. அம்மாச்சிக்குக் கல்யாணம் ஆனது, அம்மா பிறந்தாள், நான் பிறந்தேன், தமிழில் முனைவர் பட்டம் வாங்கினேன். சர்க்காருக்குக் கோயிலில் என்ன ஜோலி என்று மாமி கேட்டபோது வாய் திறக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

முழுக்க ஜெயித்த கதையாகவும் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தீர்மானத்தை எதிர்த்து 1927இல் மனுப் போட்டவர்களில் தேவதாசிப் பெண்களே இருந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கல்வி உண்டு, எங்களைக் கேட்காமல் எங்களைத் திருத்தாதீர்கள் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு பக்கம், அதே வாழ்க்கையைப் பார்த்து வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழித்தே ஆகவேண்டும் என்று ஊர் ஊராகப் போனார், 1936இல் நாவலும் எழுதினார். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சியும் நடந்தது. விடுதலையான நிலம் பாட்டி பெயரில் மூன்று வருஷம் இருந்தது. பிறகு அவள் தம்பி பெயருக்குப் போனது. அவன் நாதசுரக்காரன், கோயில் மேளம் அவனுக்கு நிற்கவில்லை. பாட்டிக்குப் பாட்டு நின்றது. கோயிலில் மட்டுமல்ல, வீட்டிலும். கௌரவமான குடும்பத்தில் பெண் வாய்விட்டுப் பாடக்கூடாது என்று அம்மாச்சி சட்டம் போட்டாள். அம்மா அந்தப் பதங்களைக் கற்றது பாட்டியின் காலடியில், மாட்டுக் கொட்டகையில், குரல் எழும்பாமல். இன்றும் அம்மாவுக்குச் சத்தமாகப் பாடத் தெரியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது மாமி கேட்டார்: "சைவம்தானே? எந்த ஊர், என்ன ஆளு நீங்க?" மாம்பலத்தில் வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல, அதற்குள் நான்கு வீடு கைநழுவியிருந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். இசை வேளாளர் என்பதில் முதல் சொல்லை விழுங்கிவிட்டு, வேளாளர் என்றேன். மேடையேறிப் பெண் விடுதலைக் கவிதை வாசிக்கிறவள்தான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது மதச் சுதந்திரத்தில் "சுதந்திரமாகப் பின்பற்றுதல்" என்ற சொற்களைக் கண்டு பதறியவர்கள் இரண்டு பெண்கள். ராஜ்குமாரி அம்ரித் கௌர், ஹன்சா மேத்தா. அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவில் 1947இல் இருவரும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார்கள். மதத்தைப் பின்பற்றும் உரிமை என்று வரம்பில்லாமல் எழுதினால் குழந்தைமணத் தடையும் விதவை மறுமணமும் என்னவாகும், கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதை எந்தச் சட்டம் தடுக்கும் என்பது அவர்கள் கவலை. இன்றுள்ள 25ஆவது பிரிவில் சமூகச் சீர்திருத்தத்துக்குச் சட்டம் செய்ய அரசுக்குத் தனியாக இடம் விட்டிருப்பதில் அந்தக் கவலையின் பங்கு இருக்கிறது.

அந்தப் பிரிவு அரசுக்கு இரண்டு வாசல் வைக்கிறது. ஒன்று, மதத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி, நிர்வாகக் காரியங்களை ஒழுங்குபடுத்த. இன்னொன்று, சமூக நலனுக்கும் சீர்திருத்தத்துக்கும், கோயிலை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடுவதற்கும். எழுபது வருஷமாகப் பார்த்தால், முதல் வாசலில் அரசு தாராளமாக நடமாடுகிறது. உண்டியல், குத்தகை, கடை வாடகை, செயல் அலுவலர், தக்கார். 1954இல் சிரூர் மடத்து வழக்கில் உச்சநீதிமன்றம், மதத்துக்கு எது இன்றியமையாதது என்பது அந்த மதத்தின் கோட்பாட்டைப் பொறுத்தது, சொத்து நிர்வாகத்தில் அரசு தலையிடலாம் என்று பிரித்த பிறகு முதல் வாசல் இன்னும் அகலமானது. இரண்டாவது வாசலில் மட்டும் கால் தயங்குகிறது. தயங்கித் தயங்கியாவது சாதிக்காக உள்ளே போயிருக்கிறது. 1939இல் மதுரையில் ஆலய நுழைவு. 1970-71இல் அர்ச்சகர் வேலை பரம்பரை உரிமையல்ல என்ற திருத்தம். அதை எதிர்த்த வழக்கில் 1972இல் நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது, ஆனால் நியமனம் ஆகமத்தை மீறக்கூடாது என்று ஒரு கயிறும் கட்டியது. அந்த வழக்கின் பெயர் சேஷம்மாள் வழக்கு. அர்ச்சகர் உரிமை பற்றி இந்த நாட்டில் யார் பேசினாலும் முதலில் சொல்லியாக வேண்டிய பெயர் ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயருள்ள எவரும் கருவறைக்குள் போக முடியாது. இதை முதன்முதலாகக் கவனித்தபோது நூலகத்தில் தனியாகச் சிரித்தேன்.

2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற இருபத்துநான்கு பேர், எல்லாச் சாதியிலிருந்தும், அர்ச்சகர்களாக நியமன ஆணை பெற்றார்கள். அம்மா அன்று தொலைக்காட்சியை விட்டு எழவில்லை. அதே சமயம் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமனம் ஆனார். ஓதுவார் நிற்கும் இடம் கருவறைக்கு வெளியே. தேவாரம் பாடலாம், தீபாராதனைத் தட்டைத் தொட முடியாது. 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சக ஆசிரியை ஒருவர், பெரியார் பற்றி ஆய்வு செய்தவர், முதலில் கேட்ட கேள்வி: "அந்த மூணு நாள் என்ன பண்ணுவாங்க?"

ஆகமம் இல்லாத கிராமக் கோயிலில் வேறு மாதிரி நடக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துர்க்கையம்மன் கோயிலில் நோயில் விழுந்த தகப்பனுக்குப் பதிலாக மகள் பூசை செய்தாள். அவர் இறந்ததும் ஊர்க்காரர்கள் பெண் பூசாரி ஆகாது என்றார்கள். 2008இல் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு, பெண் பூசை செய்யக்கூடாது என்று அரசியல் சட்டத்திலும் இல்லை, வேறு சட்டத்திலும் இல்லை என்று தீர்ப்பளித்தார். அம்மன் பெண்தானே என்று வாதாட வேண்டியிருந்த ஊர் இது.

துறை வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால் வேண்டும் என்பேன். கணக்குக் கேட்க ஆளில்லாத கோயில் என்னவாகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு தெருவோர மண்டபத்தின் உண்டியலுக்காக எட்டு வருஷம் வழக்காடித் திங்கட்கிழமை காலையில் போலீஸோடு வரத் தெரிந்த அரசு, கருவறை வாசலில் மட்டும் ஆகமம் ஆகமம் என்று கைகட்டி நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எதிர்த் தரப்பின் மீதும் அதே கோபம்தான். அந்த வருஷம் சென்னை மாநகராட்சியில் பாஜக ஜெயித்த ஒரே வார்டு எங்களுடையது, ஜெயித்தவர் பெண். மண்டபத்தின் முன் நின்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பக்தர்களின் உரிமை என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அதற்குள் தாங்களும் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள்.

மாமிக்கு மகன் இல்லை. ஒரே மகள், வெளிநாட்டில். 2019இல் மாமா இறந்தபோது காரியம் செய்ய மச்சினர் மகனை வரவழைத்தார்கள். மாம்பலத்தில் காரியத்துக்கென்று வாடகைக்கு விடும் இடங்களில் ஒன்று. நானும் போயிருந்தேன். மகள் இரவு விமானத்தில் வந்து அப்படியே நின்றாள், நான் பண்றேன் என்றாள். வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாமி கையில் ஒரு தர்ப்பைப் புல்லைக் கொடுத்து, அதை அந்தப் பையன் கையில் கொடுக்கச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து, மண்டபத்துச் சண்டை ஓய்ந்த மே மாதத்தில், மாமாவின் திதிக்கு முந்தின நாள் மாமி அதைப் பற்றி முதன்முறையாகப் பேசினார்.

"புல்லு குடுத்துப் பண்றதுன்னு பேரு அதுக்கு. உரிமை என்னோடதுதானாம். ஆனா நான் பண்ணப்படாது, புல்லை எடுத்து அவன் கையில குடுத்துடணும். அந்தப் பையனுக்கு மாமா பேர்கூடச் சரியாத் தெரியாது. கோத்திரத்தை நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நாளைக்கு வாத்தியார்கிட்ட கேளுங்களேன் மாமி. நீங்களே பண்றேன்னு."

"கேட்டேனே, போன வருஷமே. சாஸ்திரத்துல இடமில்லைன்னுட்டார்." தைலப் பாட்டிலை மூடினார். "சர்க்கார் வந்து கேக்க வேண்டியது இதையில்லையோ? உண்டியலைப் போய் எண்ணிண்டிருக்கா."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அவரே பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுநாள் அந்தப் பையன் தாம்பரத்திலிருந்து பைக்கில் வந்தான், புல்லை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வருஷம் ராமநவமி மார்ச் மாதக் கடைசியில் வந்தது. கால் வலி அதிகமாகி மாமியால் மண்டபத்துக்குப் போக முடியவில்லை. வீட்டுக் கூடத்திலேயே படத்துக்கு மாலை போட்டு, பானகமும் நீர்மோரும் வைத்து, அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேரை அழைத்திருந்தார். நாங்களும் போனோம். ஆளுக்கொரு பாட்டு பாடினார்கள். முறை அம்மாவிடம் வந்தபோது எனக்குத் தெரியாது என்று சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, குரலே எழும்பாமல், கொட்டகையில் கற்றபடியே, ஒரு பதத்தை எடுத்தாள். மின்விசிறியை நிறுத்தினால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு மெதுவாக. யாரோ எழுந்து நிறுத்தினார்கள்.

முடித்ததும் மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலையே! இதை எங்கயும் கேட்டதில்லையே, யார்கிட்ட பாடம்?"

"எங்க பாட்டிகிட்டங்க. கோயில்ல பாடினவங்க."

நான் தரையைப் பார்த்தேன். கோயிலில் பாடின பாட்டி என்றால் என்ன என்று கணக்குப் போட அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. மாமி கையை எடுக்கவும் இல்லை.

"எந்தக் கோயில்?" என்றார்.

அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள், சுவாமி பெயரைச் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, தன் பாட்டியின் பெயரையும் சொன்னாள்.